பெரிய சம்பளமா, சொந்த நேரமா: கையெழுத்திடும் முன் போட வேண்டிய கணக்கு

ஆசைப்பட்ட நிறுவனம், பெரிய பதவி, இப்போது வாங்குவதைவிடப் பல மடங்கு சம்பளம். ஆஃபர் கடிதம் வந்துவிட்டது, பதில் சொல்ல ஒரு வாரம் இருக்கிறது. ஆனால் சேர்ந்தால் மாலை நேரம் போய்விடும், வார இறுதி போய்விடும், சொந்தமாகச் செய்துகொண்டிருந்த வேலைகள் நின்றுவிடும் என்று உள்ளே ஒரு குரல்.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் ஒரு தாளை எடுத்து, நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் நன்மை அந்தப் பக்கம் தீமை என்று எழுதுவார்கள். அதனால் பெரிய பயன் இருக்காது. ஒரு பக்கத்தில் சம்பளம் துல்லியமான எண்ணாக நிற்கும். மறுபக்கத்தில் ‘சுதந்திரம்’ என்று அளவே இல்லாத ஒரு சொல் நிற்கும். இரண்டும் மோதினால் எண்தான் ஜெயிக்கும். அல்லது அதற்குப் பயந்து, எண்ணைப் பார்க்காமலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று வருடம் வருத்தப்பட வேண்டியிருக்கும்.

சுதந்திரத்தையும் எண்ணாக்க முடியும். சில பகுதி மணிக்கணக்கில் வரும், சில பகுதி மாதக்கணக்கில் வரும், மீதி ஒப்பந்தத்தின் பிரிவுகளில் ஒளிந்திருக்கும். கீழே உள்ள கணக்குகளைப் போட்டு முடிக்க ஒரு வார இறுதி போதும். கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கு, நாட்காட்டி, ஆஃபர் கடிதம், ஒப்பந்த நகல் நான்கையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்த நகல் வரவில்லையா? முதலில் அதைக் கேளுங்கள். கடிதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

படி 1: எந்தச் சுதந்திரம் போகப் போகிறது?

வேலைக்குப் போவதால் இழக்கும் சுதந்திரம் ஒரே வகையானதல்ல. குறைந்தது ஐந்து உண்டு.

- நேரம்: எத்தனை மணி நேரம் என்பது மட்டுமல்ல, எந்த மணி நேரம் என்பதை யார் முடிவு செய்கிறார் என்பதும்.
- இடம்: எங்கே வசிப்பது, எங்கிருந்து வேலை செய்வது, மாற்றல் வந்தால் மறுக்க முடியுமா.
- வேலை செய்யும் விதம்: எதை முதலில் செய்வது, எப்படிச் செய்வது என்பதில் உங்கள் சொல் எடுபடுமா.
- வேலைக்கு வெளியே உள்ள வாழ்க்கை: சொந்தத் தொழில், எழுத்து, பொதுவெளியில் கருத்துச் சொல்வது, வேறு வருமானம்.
- விலகும் சுதந்திரம்: பிடிக்காவிட்டால் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு நஷ்டத்தோடு வெளியே வர முடியும்.

ஐந்தையும் உங்களுக்கு முக்கியமான வரிசையில் எழுதுங்கள். எல்லாமே முக்கியம் என்று எழுதினால் கணக்கு நகராது.

அடுத்து நாட்காட்டியை எடுங்கள். கடந்த 8 வாரங்களில் வேலை நேரத்துக்கு வெளியே நீங்களாக விரும்பிச் செய்தவற்றைக் குறியுங்கள்: உடற்பயிற்சி, பிள்ளைகளோடு கழித்த நேரம், நண்பர்கள், படிப்பு, சொந்த வேலை. ஒவ்வொன்றும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? புதிய வேலையின் நேரத்தை மேலே பொருத்திப் பார்த்தால் எவை நிற்கும், எவை விழும்?

இந்தப் பயிற்சி சிலருக்குக் கசப்பாக இருக்கும். புத்தகம் எழுதப் போகிறேன், சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறேன் என்று பல வருடமாகச் சொல்லிவந்தவரின் நாட்காட்டியில் அந்த 8 வாரத்தில் அதற்காக ஒரு மணி நேரம்கூட இருக்காது. அப்படியென்றால் புதிய வேலை அதைப் பறிக்கவில்லை. இல்லாததை இழப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். வாரம் 6 மணி நேரம் உண்மையிலேயே ஒதுக்கி வருபவருக்கு அது பெரிய இழப்பு, அதற்கு முழு எடை கொடுக்க வேண்டும்.

மூன்றாவது வகையை, அதாவது வேலை செய்யும் விதத்தை, பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். வேலைச் சுமை மட்டுமே ஆளை முறிப்பதில்லை, சுமை அதிகமாகவும் முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் சேர்க்கைதான் மோசமானது என்பது ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979-இல் முன்வைத்த கோட்பாடு. பிரிட்டன் அரசு ஊழியர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்வுகளிலும், தன் வேலையில் கட்டுப்பாடு குறைவாக உள்ளவர்களிடம் இதய நோய் அதிகமாகத் தெரிந்தது. ஆகவே வாரம் 50 மணி நேரம், ஆனால் எப்படிச் செய்வது என்பது உங்கள் கையில் என்ற வேலையும், அதே 50 மணி நேரம், ஒவ்வொரு அரைமணிக்கும் ஒருவர் கேள்வி கேட்கும் வேலையும் ஒன்றல்ல. கடிதத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

படி 2: ஆஃபரில் உள்ள தொகையைப் பிரித்துப் பாருங்கள்

கடிதத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் ஆண்டுத் தொகை உங்கள் சம்பளம் அல்ல. அதை நான்காகப் பிரியுங்கள்.

நிலையான சம்பளத்தை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வரிக்குப் பிறகு கைக்கு வருவதை. வருமானம் கூடக் கூட வரி விகிதமும் கூடும் நாடுகளில், மொத்தச் சம்பளம் 60 சதவீதம் உயர்ந்தால் கைக்கு வருவது அந்த அளவுக்கு உயராது.

ஆண்டு போனஸில் பாதியை மட்டும் எழுதுங்கள். கடந்த மூன்று வருடமாக அந்தக் குழுவில் இலக்கின் எத்தனை சதவீதம் கொடுக்கப்பட்டது என்று கேட்டு, எழுத்தில் பதில் வந்தால் அந்த எண்ணைப் போடலாம்.

சேரும்போது தரும் ஒருமுறைத் தொகையை மாதச் சம்பளத்தோடு சேர்க்கவே கூடாது, அடுத்த வருடம் அது வராது. அதோடு, 12 அல்லது 24 மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு வரும். இங்கே இரண்டு கேள்வி. முழுத் தொகையா, மீதமுள்ள மாதங்களுக்கு மட்டுமா? வரி பிடித்த பிறகு உங்கள் கைக்கு வந்த தொகையா, வரிக்கு முந்தைய தொகையா? இரண்டாவது கேள்விக்கு ‘வரிக்கு முந்தையது’ என்று பதில் வந்தால், கைக்கு வராத பணத்தையும் நீங்கள் திருப்பித் தர நேரிடும். இந்த நிபந்தனை முடியும்வரை அந்தப் பணத்தைத் தொடாமல் தனிக் கணக்கில் வைப்பதுதான் பாதுகாப்பு.

பங்குகள்: வழக்கமான ஏற்பாடு 4 வருடத்தில் சிறுகச் சிறுக உங்களுக்குச் சொந்தமாவது, முதல் வருடம் முடியும்வரை எதுவும் கிடைக்காது. 11-ஆம் மாதம் விலகினால் பூஜ்யம். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனமென்றால் இன்றைய விலையில் எழுதிக்கொள்ளலாம். சந்தைக்கு வராத நிறுவனத்தின் பங்குக்கு இந்தக் கணக்கில் பூஜ்யம் போடுங்கள். கிடைத்தால் சந்தோஷம், ஆனால் அதை நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது. பங்கை வாங்கும் உரிமை மட்டும் தருகிறார்கள் என்றால், விலகிய பின் அதைப் பயன்படுத்த எத்தனை நாள் அவகாசம் என்று பாருங்கள். 90 நாள் என்பது பரவலான வழக்கம். அதற்குள் கைப்பணம் போட்டு வாங்க முடியாதவர்கள், பங்கு போய்விடுமே என்பதற்காகவே பிடிக்காத வேலையில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள்.

படி 3: உண்மையில் மணிக்கு எவ்வளவு?

நாணயத்தை விட்டுவிடுவோம். இப்போதைய வேலையில் மாதம் கைக்கு 1000 வருகிறது, புதிய வேலையில் 1600 வரும் என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீத உயர்வு.

முதலில் வேலைக்காகவே ஆகும் செலவைக் கழியுங்கள்: பயணம், உடை, வெளியே சாப்பாடு, நேரமில்லாததால் மற்றவருக்குக் காசு கொடுத்துச் செய்விக்கும் வீட்டு வேலை, குழந்தைப் பராமரிப்பு, அந்தப் பதவிக்காகவே அதிக வாடகைப் பகுதிக்கு மாறும் செலவு. பிறகு மணி நேரத்தைக் கூட்டுங்கள். ஒப்பந்த நேரம் மட்டுமல்ல. போய்வரும் நேரம், இரவில் செய்திகளுக்குப் பதில் சொல்லும் நேரம், அழைத்தால் வரவேண்டும் என்று காத்திருக்கும் நேரம், வெளியூர்ப் பயணம் எல்லாம் சேர வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் வீட்டில்தானே இருக்கிறோம் என்று சிலர் விட்டுவிடுவார்கள். வெளியே போக முடியாத, ஆழ்ந்து எதையும் செய்ய முடியாத மணி நேரத்தில் பாதியையாவது எழுதுங்கள்.

இப்போதைய வேலை: 1000-இல் வேலைச் செலவு 60 போக மீதம் 940. வாரம் 40 மணி நேரம் என்றால் மாதம் 173. பயணம் 22, உதிரி 5. மொத்தம் 200 மணி நேரம். மணிக்கு 4.70.

புதிய வேலை: 1600-இல் வேலைச் செலவு 220 போக மீதம் 1380. வாரம் 55 மணி நேரம் என்றால் மாதம் 238. பயணம் 33, இரவுச் செய்திகளும் காத்திருப்பும் 24. மொத்தம் 295 மணி நேரம். மணிக்கு 4.68.

சம்பளம் 60 சதவீதம் உயர்ந்தும் மணிக்கூலி இரண்டு காசு குறைந்திருக்கிறது. இதைப் பார்த்தவுடன் ‘அப்ப வேண்டாம்’ என்று தாவிவிடாதீர்கள். இந்த எண் சொல்வது ஒன்றுதான்: நீங்கள் கூடுதல் மதிப்பு பெறவில்லை, கூடுதல் நேரத்தை விற்கிறீர்கள். மாதம் 95 மணி நேரம் அதிகமாகக் கொடுத்து 440 அதிகமாகப் பெறுகிறீர்கள். அந்த 95 மணி நேரத்தில் படி 1-இல் குறித்தவற்றில் எது விழுகிறது, அதை 440-க்குக் கொடுக்கச் சம்மதமா என்பதுதான் கேள்வி. கடன் அடைக்க வேண்டியவருக்குச் சம்மதமாக இருக்கலாம். கைக்குழந்தை உள்ளவருக்கு இல்லாமல் போகலாம்.

வாரம் 55 மணி நேரம் என்ற எல்லையைத் தனியாகக் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35–40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து சுமார் 17 சதவீதமும் அதிகம். ஆறு மாதத் திட்டத்துக்காக 55 என்பது ஒரு விஷயம். பத்து வருடத்துக்கு 55 என்றால் எவ்வளவு கொடுத்தாலும் யோசிக்க வேண்டும்.

படி 4: மிச்சம் எத்தனை மாத விடுதலையை வாங்கும்?

சம்பளம் சுதந்திரத்தை வாங்குவதில்லை, மிச்சம்தான் வாங்குகிறது. ஆகவே பார்க்க வேண்டிய அளவு இதுதான்: ஒரு மாதம் வேலை செய்தால், வேலையில்லாமல் வாழ எத்தனை நாள் சேர்கிறது? மாத மிச்சத்தை மாதக் குடும்பச் செலவால் வகுத்தால் கிடைக்கும்.

அதே எடுத்துக்காட்டில் குடும்பச் செலவு 700 என்று கொள்வோம். இப்போதைய வேலையில் மிச்சம் 240. ஒரு மாத உழைப்பு சுமார் 10 நாளை வாங்குகிறது. புதிய வேலையில் செலவு 700-ஐத் தாண்டாவிட்டால் மிச்சம் 680, ஒரு மாத உழைப்பு 29 நாளை வாங்குகிறது. இரண்டு வருடத்தில் 23 மாதத்துக்கான பணம் கையில் இருக்கும். பழைய வேலையில் அதே இரண்டு வருடத்தில் 8 மாதம்தான்.

இப்போது மூன்றாவது நிலை. சம்பளம் உயர்ந்ததும் பெரிய வீடு, புதிய கார், தவணைகள் என்று செலவு 1200 ஆகிறது. மிச்சம் 180. செலவும் ஏறிவிட்டதால் ஒரு மாத உழைப்பு நாலரை நாளைத்தான் வாங்கும். இரண்டு வருட முடிவில் மூன்றரை மாதம். குறைந்த சம்பளத்தில் இருந்த சுதந்திரத்தில் பாதிகூட இல்லை, நேரமும் போய்விட்டது.

எங்கள் பார்வையில் பணக் கணக்கில் முக்கியமான எண் இதுதான். பெரிய சம்பள வேலை சுதந்திரத்துக்கு எதிரி என்று பொதுவாகச் சொல்வது தவறு. செலவை அப்படியே வைத்திருப்பவருக்கு அது சுதந்திரத்துக்கான குறுக்கு வழி. செலவை ஏற்றிக்கொள்பவருக்கு அதே வேலை பூட்டு. வேலையைக் குறை சொல்வதற்கு முன், நீங்கள் இரண்டில் எந்த வகை என்று பாருங்கள். கடைசியாகச் சம்பளம் உயர்ந்தபோது அடுத்த 12 மாதத்தில் மிச்சம் எவ்வளவு உயர்ந்தது? வங்கிக் கணக்கு பொய் சொல்லாது.

வேலையே இல்லாமல் வாழும் அளவுக்குச் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு அளவு. ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு சேர்ப்பது பலரும் பயன்படுத்தும் இலக்கு. டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் 1998-இல் அமெரிக்கச் சந்தைத் தரவுகளை வைத்து வெளியிட்ட ஆய்வு இதைப் பிரபலமாக்கியது. அது சேர்த்த பணம் 30 வருடம் தாங்குமா என்று பார்த்த கணக்கு என்பதால் இளம் வயதில் ஓய்வு பெற நினைப்பவர் இன்னும் கூடுதலாக வைக்க வேண்டும். பணவீக்கம் போக 5 சதவீத வருவாய் என்று வைத்தால், வருமானத்தில் 10 சதவீதம் சேமிப்பவருக்கு அந்த இலக்கை எட்ட சுமார் 51 வருடம் ஆகும். 25 சதவீதத்துக்கு 32 வருடம், 50 சதவீதத்துக்கு 17 வருடம். சம்பளம் எவ்வளவு என்பது இந்த வாய்பாட்டில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

படி 5: ஒப்பந்தத்தைப் பின்னாலிருந்து படியுங்கள்

சம்பளம் முதல் பக்கத்தில் இருக்கும். சுதந்திரத்தைப் பற்றிய பிரிவுகள் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள்.

நோட்டீஸ் காலம்: 30 நாளா, 90 நாளா? பணம் கட்டிவிட்டு முன்னதாக விலக முடியுமா, அதற்கு நிறுவனத்தின் சம்மதம் தேவையா? 90 நாள் நோட்டீஸ் என்றால் அடுத்த வேலை தருபவர் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பல வாய்ப்புகள் அதிலேயே போய்விடும். இரண்டு பக்கமும் ஒரே கால அளவா என்றும் பாருங்கள். நீங்கள் 90 நாள் தர வேண்டும், அவர்கள் 30 நாளில் அனுப்பலாம் என்றால் அதைக் கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம்.

போட்டி நிறுவனத்தில் சேரத் தடை: இது நாட்டுக்கு நாடு மாறும். கலிஃபோர்னியாவில் 1872 முதலே இத்தகைய தடை செல்லாது. இந்தியாவில் அதே 1872-இன் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது, வேலை முடிந்த பிறகான தடைகளை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. வேறு பல நாடுகளில் நியாயமான கால அளவும் எல்லையும் இருந்தால் செல்லும். செல்லாது என்றாலும் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப யாரும் தடையில்லை. புதிய நிறுவனம் அதைப் பார்த்துப் பின்வாங்கலாம். தடை உண்டென்றால் எத்தனை மாதம், எந்தெந்த வகை நிறுவனங்கள், அந்தக் காலத்துக்குச் சம்பளம் உண்டா என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

படைப்புகளின் உரிமை: ‘பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே’ என்ற வரி இருந்தால், இரவு வீட்டில் சொந்தக் கணினியில் எழுதிய நிரலும் வரைந்த படமும்கூடச் சர்ச்சைக்குள் வரலாம். ‘பணி நேரத்தில், நிறுவனக் கருவிகளைக்கொண்டு அல்லது நிறுவனத்தின் தொழில் தொடர்பாக உருவாக்கியவை’ என்று சுருக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே உங்களிடம் உள்ள படைப்புகளைப் பட்டியலாக இணைத்து விலக்குக் கேளுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அதற்கென்றே ஒரு இணைப்புத் தாள் இருக்கும். அதைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

வெளி வேலை, பொதுப் பேச்சு: முழுத் தடையா, முன் அனுமதி போதுமா? அனுமதி என்றால் யாரிடம், எத்தனை நாளில் பதில்? சமூக ஊடக விதிகள் தனி ஆவணத்தில் இருக்கும், அதையும் கேட்டு வாங்குங்கள்.

வேலை நேரம்: ‘தேவைக்கேற்ப’ என்று மட்டும் இருந்தால் எல்லை இல்லை என்று பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மிகைநேரம் உட்பட சராசரியாக வாரம் 48 மணி நேரம் உச்சவரம்பு, நாளுக்குத் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு. பிரிட்டனில் இந்த 48 மணி வரம்பு வேண்டாம் என்று ஊழியர் எழுதிக் கொடுக்கலாம், வேலைக் கடிதங்களோடு அந்தத் தாளும் சேர்ந்தே வரும். அதில் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டியதில்லை. போட்ட பிறகும் குறைந்தது 7 நாள், ஒப்பந்தத்தில் இருந்தால் அதிகபட்சம் 3 மாதம் முன்னறிவித்துத் திரும்பப் பெறலாம். வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பிரான்ஸில் 2017-இலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலும் சட்டத்துக்குள் வந்தது. உங்கள் நாட்டில் என்ன நிலை என்று ஒரு தொழிலாளர் சட்ட வக்கீலிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கேட்பது இந்த முழுச் செயல்பாட்டிலும் லாபமான செலவு.

கடைசியாக, ஒப்பந்தத்தில் இல்லாத கட்டு: விசா வேலையோடு கட்டப்பட்டிருக்கிறதா? குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடுமா? நிறுவனக் கடனில் வீடு வாங்கப் போகிறீர்களா? இவை இருந்தால், நோட்டீஸ் காலம் 30 நாள் என்று எழுதியிருந்தாலும் விலகும் சுதந்திரம் காகிதத்தில்தான். விசா பறிபோனால் எத்தனை நாளில் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

படி 6: உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது?

‘இங்கே வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை உண்டா’ என்று கேட்டால் எல்லோரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். நடந்ததைக் கேளுங்கள்.

- இந்தப் பதவியில் இதற்கு முன் இருந்தவர் எவ்வளவு காலம் இருந்தார், ஏன் போனார்?
- நீங்கள் கடைசியாக எடுத்த ஒரு வார விடுமுறையில் எத்தனை முறை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது?
- போன மாதத்தில் எத்தனை சனி, ஞாயிறு குழு வேலை செய்தது?
- போன செவ்வாய்க்கிழமை உங்கள் நாள் எத்தனை மணிக்கு முடிந்தது?
- முடிவு ஒன்று தவறாகப் போனபோது யார் பதில் சொன்னார், அதன்பின் என்ன மாறியது?

பதிலைவிடத் தயக்கத்தைக் கவனியுங்கள். நேர்காணலுக்கான மின்னஞ்சல்கள் இரவு 11-க்கும் ஞாயிறு காலையும் வந்திருந்தால் அதுவே ஒரு பதில். கடந்த ஒரு வருடத்தில் அந்தக் குழுவை விட்டுப் போன இரண்டு பேரிடமாவது பேசுங்கள். இப்போது உள்ளே இருப்பவர் மனம் திறந்து பேச வாய்ப்பு குறைவு, போனவர் பேசுவார். ஆனால் கோபத்தோடு போனவர் ஒருவரின் சொல்லை மட்டும் நம்பக் கூடாது, அதனால்தான் இரண்டு பேர்.

கனவு வேலை என்பதில் எது கனவு என்பதும் இங்கேதான் தெரியும். நிறுவனத்தின் பெயரா, பதவியா, அன்றாடம் செய்யும் வேலையா? ஒரு சாதாரண வாரத்தில் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போகும் என்று வருங்கால மேலாளரிடம் கேட்டு எழுதுங்கள். வடிவமைப்பாளராக ஆசைப்பட்டுச் சேர்ந்தவரின் வாரத்தில் வடிவமைப்புக்கு 8 மணி நேரமும் கூட்டங்களுக்கு 25 மணி நேரமும் இருந்தால், அவருக்குக் கிடைத்தது கூட்டம் நடத்தும் வேலை. பதவி உயர உயர இந்த விகிதம் மோசமாகும்.

படி 7: இரண்டு வார ஒத்திகை

அவகாசம் இருந்தால் செய்யுங்கள். புதிய வேலையின் நேரப்படி எழுந்து, அந்த நேரத்தில் அந்தத் தூரத்தை உண்மையிலேயே ஒருமுறை போய் வாருங்கள். மாலை முடியும் நேரம்வரை சொந்த வேலை எதையும் தொடாதீர்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் இது ஒத்திகைதான். இரவு உணவுக்கு நீங்கள் இல்லாத பத்து நாளுக்குப் பின் அவர்கள் சொல்வதும், முன்கூட்டிக் கேட்டபோது சொன்னதும் ஒன்றாக இருக்காது.

படி 8: ஏற்பதற்கும் மறுப்பதற்கும் நடுவே பேரம்

பலர் ஆஃபரை ஆம், இல்லை என்று இரண்டாக மட்டும் பார்க்கிறார்கள். எழுத்தில் ஆஃபர் வந்த நாளுக்கும் கையெழுத்திடும் நாளுக்கும் இடையில்தான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு அதிகம். அவர்கள் ஆளைத் தேர்ந்தெடுத்தாயிற்று, மறுபடி தேட யாருக்கும் விருப்பமில்லை. சேர்ந்த பிறகு கேட்டால் அது சலுகை. இப்போது கேட்டால் நிபந்தனை.

படி 1-இல் முதலிடத்தில் வந்த சுதந்திரத்தை மட்டும் கேளுங்கள். ஒன்று, அதிகம் போனால் இரண்டு. ஏழு கேட்டால் எளிதானதைக் கொடுத்துவிட்டு முக்கியமானதை மறுப்பார்கள். கேட்கத் தகுந்தவை: 80 சதவீதச் சம்பளத்தில் வாரம் 4 நாள், வாரத்தில் இத்தனை நாள் வீட்டிலிருந்து வேலை, இரவு அழைப்பு முறை மாறி மாறி வருவதும் அதற்கு ஈடுவிடுப்பும், நோட்டீஸ் காலத்தைப் பாதியாக்குவது, சொந்தப் படைப்புகளுக்கு எழுத்தில் விலக்கு. 4 நாள் வாரத்தைப் பற்றி ஒன்று: வரி விகிதம் ஏறும் நாடுகளில் மொத்தச் சம்பளம் 20 சதவீதம் குறைந்தால் கைக்கு வருவது அதைவிடக் குறைவாகவே குறையும். ஆனால் 5 நாள் வேலையை 4 நாளில் திணிக்கப் போகிறார்கள் என்றால் நஷ்டம் உங்களுக்கு. இலக்கும் 20 சதவீதம் குறையுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

சொல்லும் விதம் நேராக இருக்கட்டும்: ‘இந்த வேலையில் சேர விரும்புகிறேன். இரவு 8 மணிக்குப் பின் அவசரம் தவிர அழைப்பு இல்லை என்பதும், எது அவசரம் என்பதும் கடிதத்தில் இருந்தால் இன்றே கையெழுத்திடுகிறேன்.’ மேலாளர் வாய்ச்சொல்லாக ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்றால் எச்ஆரிடமிருந்து (மனிதவளப் பிரிவு) ஒரு மின்னஞ்சல் கேளுங்கள். மேலாளர் கெட்டவர் என்பதற்காக அல்ல. அவர் ஆறு மாதத்தில் வேறு குழுவுக்குப் போய்விடலாம், அடுத்து வருபவருக்கு அந்தப் பேச்சு தெரியாது.

படி 9: முடிவு

எண்களை ஒரே தாளில் எழுதுங்கள்: மணிக்கூலி பழையது, புதியது. ஒரு மாத உழைப்பு வாங்கும் நாட்கள், செலவு ஏறாமலும் ஏறியும். விழப்போகும் மணி நேரங்கள். வெளியே வர ஆகும் நாட்களும் பணமும்.

கடைசி எண்ணே எங்களைப் பொறுத்தவரை தீர்மானிப்பது. 30 நாளில் பெரிய நஷ்டமின்றி வெளியே வர முடியும் என்றால், சந்தேகம் இருந்தாலும் சேர்ந்து பார்ப்பதில் தவறில்லை, பழைய துறையில் மறுபடி வேலை கிடைக்கும் நிலை இருந்தால். பான்ட் (இத்தனை காலம் இருப்பேன், முன்பே விலகினால் பணம் கட்டுவேன் என்ற உறுதிமொழி), திருப்பித் தரும் தொகை, விசா, ஊர் மாற்றம் எல்லாம் சேர்ந்து வெளியே வர ஒன்றரை வருடம் ஆகும் என்றால், மற்ற எல்லா எண்ணும் தெளிவாகச் சாதகமாக இருந்தால் மட்டுமே சேருங்கள். மணிக்கூலி குறைந்து, மிச்சமும் பெரிதாக உயராமல், வெளியே வருவதும் கடினம் என்றால், பெயருக்காக மட்டும் போகிறீர்கள்.

வருமானத்தின் மகிழ்ச்சிக் கணக்கையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். மேத்யூ கில்லிங்ஸ்வர்த், டேனியல் கானமன், பார்பரா மெல்லர்ஸ் மூவரும் 2023-இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலானோருக்கு வருமானம் ஏற ஏற மகிழ்ச்சியும் ஏறுகிறது. ஆனால் எவ்வளவு கூடியது என்பதைவிட எத்தனை மடங்கானது என்பதே கணக்கு. ஆகவே வெறும் 15 சதவீத உயர்வு, இழக்கும் மாலைகளுக்கு ஈடாவது அரிது.

ஆம் என்றால்

முதல் சம்பளத்துக்கு முன்பே, உயர்ந்த தொகை முழுதும் தனிக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். பிறகு பார்க்கலாம் என்றால் செலவு முந்திக்கொள்ளும். முதல் 12 மாதத்துக்குப் புதிய தவணை எதுவும் எடுக்காதீர்கள். விலகும் நிபந்தனைகளை இன்றே எழுதிவையுங்கள், உணர்ச்சியாக அல்ல, அளவாக: தொடர்ந்து 8 வாரம் 55 மணி நேரத்தைத் தாண்டினால், சேமிப்பு 24 மாதச் செலவை எட்டினால், இரண்டு முறை கேட்டும் எழுதித் தந்த ஏற்பாடு மீறப்பட்டால். ஒரு நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். ஏனென்றால் உள்ளே போன பின் எல்லை மெல்ல நகரும், நகர்ந்தது உங்களுக்கே தெரியாது. 90-ஆம் நாளில் படி 3-இன் கணக்கை உண்மையான மணி நேரத்தோடு மறுபடி போடுங்கள். சோதனைக் காலத்தில் விலகுவது எளிது, ஆகவே அப்படி ஒரு காலம் இருந்தால் 90-ஆம் நாளுக்குப் பதிலாக அது முடியும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பாக அதைச் செய்யுங்கள்.

இல்லை என்றால்

மறுப்பதற்கும் விலை உண்டு. இப்போதைய வேலையில் ஒரு மாத உழைப்பு 10 நாளைத்தான் வாங்குகிறது என்றால், மறுத்தபின் அது மாறிவிடாது. காப்பாற்றிய 95 மணி நேரத்தில் எதைச் செய்யப் போகிறீர்கள் என்று முதல் மாதமே நாட்காட்டியில் குறியுங்கள். இல்லாவிட்டால் அந்த நேரம் திரையில் கரையும், சம்பளமும் இல்லாமல் நேரமும் இல்லாமல் போகும்.

மறுப்புக் கடிதத்தைச் சுருக்கமாக, தாமதிக்காமல், முடிவெடுத்த அன்றே அனுப்புங்கள். தொலைபேசியில் ஒருமுறை சொல்லிவிட்டு எழுத்தில் உறுதி செய்வது மரியாதை. காரணம் ஒன்று போதும், அது உண்மையாக இருக்கட்டும்: ‘வாய்ப்புக்கு நன்றி. இந்தப் பதவிக்குத் தேவையான நேரத்தை அடுத்த இரண்டு வருடத்துக்கு என்னால் தர முடியாது. பகுதி நேரமாகவோ திட்ட அடிப்படையிலோ தேவை வந்தால் தொடர்புகொள்ளுங்கள்.’ சம்பளம் போதவில்லை என்று பொய்க் காரணம் சொல்லாதீர்கள். அவர்கள் சம்பளத்தை உயர்த்திவிட்டு மறுபடி கேட்டால், இரண்டாவது முறை மறுப்பது சங்கடம்.